கோடு நின்றுபோன இடம்

பெர்னடின் ஒலசாபால் 1934ஆம் ஆண்டு அரிசோனா மாநிலத்து ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் பிறந்தாள். தந்தை மார்ட்டின், பாஸ்க் மலைநாட்டிலிருந்து ஆடு மேய்க்க வந்தவர். தாய் கிராசியானா, ஆட்டுக்காரர்கள் குளிர்காலத்தில் தங்கும் விடுதியில் சமையல் வேலை பார்த்தவர். பள்ளி முடித்ததும் பெர்னடின் நகரின் புகைப்பட நிலையம் ஒன்றில் சேர்ந்தாள். 1957இல், மர அறுவை ஆலையில் வேலை பார்த்த எமெட் கார்வினை மணந்தாள். 1963இல் குன்றின் மேல் இருந்த அரசாங்க வரைபட அலுவலகத்தில் சேர்ந்தாள், 1986இல் விலகினாள். பிள்ளைகள் இல்லை. அவள் கையால் வரைந்த வரைபடங்களில் பூமியைச் சேர்ந்தது ஒன்றுகூட இல்லை.

இவற்றில் எதையும் குடும்பத்தில் யாரும் மறுத்ததில்லை. ஓய்வு பெறும் வயதுக்கு முன்பே அவள் ஏன் விலகினாள் என்பதில் மட்டும் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கண் கெட்டுவிட்டது என்றார்கள் சிலர். கணினி வந்து துரத்திவிட்டது என்றார்கள் வேறு சிலர். இரண்டும் சரியல்ல.

புகைப்பட நிலையத்தில் அவளுக்கு வாய்த்த வேலை முகங்களைத் திருத்துவது. ஏர்பிரஷ் என்று ஒரு கருவி. பேனாவைப் போல் பிடித்துக்கொண்டு விரலால் அழுத்தினால் காற்றோடு கலந்த மை புகைபோலத் தாளில் படியும். அதைக் கொண்டு மணப்பெண்ணின் பருவை மறைப்பாள். நீதிபதியின் இரட்டைத் தாடையை ஒற்றைத் தாடையாக்குவாள். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. 1953இல் ஹாஸ்கெல் என்ற அம்மாள் ஒரு சிறு படத்தைக் கொண்டுவந்து பெரிதாக்கித் தரச் சொன்னாள். கொரியப் போரில் மாண்ட மகனின் படம். மோவாயில் வெட்டுத் தழும்பு ஒன்று இருந்தது. பெர்னடின் வழக்கம்போல அதை நீக்கி, அழகாக்கிக் கொடுத்தாள். மறுநாள் அந்த அம்மாள் திரும்பி வந்து, படத்தை மேசைமேல் வைத்து, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, படம் நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா இது யாரு?"

பெர்னடின் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தழும்பைத் திரும்ப வரைந்து கொடுத்தாள். ஆனால் சிறு படத்தில் மங்கியிருந்த அது எங்கிருந்து தொடங்கி எங்கே முடிந்தது என்பதை அந்தத் தாயின் நகம் தாளின்மேல் காட்டித்தான் வரைய வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவள் பல்லாண்டுகள் அந்த நிலையத்தில் இருந்தாள். மனம் மட்டும் அங்கே இல்லை.

வரைபட அலுவலகத்தில் அவளைத் தேர்வு செய்தவர் வெர்னன் ஸ்டட்ஸ், வரைவோர் பிரிவின் தலைவர். நெட்டையான மனிதர்; பென்சிலைக் காதில் செருகிவிட்டு அதையே தேடுகிறவர். மனிதன் சந்திரனில் இறங்கப்போகிறான். அவன் இறங்குமுன் அந்த இடத்துக்கு வரைபடம் வேண்டும் என்பது அன்றைய அவசரம். புகைப்படங்களை அப்படியே ஒட்டினால் வரைபடமாகாது. ஒரு படத்தில் வெயில் இந்தப் பக்கத்திலிருந்து விழும். மற்றொன்றில் அந்தப் பக்கத்திலிருந்து விழும். ஒன்றில் நிழலே இராது. அத்தனை படங்களையும் கண்ணால் உள்வாங்கி, வெயில் எங்கும் மேற்கிலிருந்தே விழுவதாக வைத்துக்கொண்டு, ஒரே சீராக ஏர்பிரஷ்ஷால் வரைய வேண்டும். அதற்குக் கை வேண்டும். பெர்னடினிடம் கை இருந்தது.

"ஒண்ணு சொல்லிடறேன். இங்க யாரையும் அழகாக்க வேணாம்," என்றார் வெர்னன்.

"எனக்கும் அது அலுத்துப்போச்சு," என்றாள் அவள்.

அந்த அறையின் சட்டங்கள் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை, எல்லோருக்கும் தெரியும். தெளிவாகத் தெரிந்ததைத் தெளிவாக வரை. மங்கலாகத் தெரிந்ததை மங்கலாக வரை. தெரியாததை வெள்ளையாக விடு. இவற்றோடு ஒரு வேடிக்கையான வழக்கமும் இருந்தது. வெயில் விழும் திசையைத் தப்பாக எண்ணிக்கொண்டு பார்த்தால் பள்ளம் மேடாகத் தெரியும். மேடு பள்ளமாகத் தெரியும். ஒருமுறை அப்படித் தெரிந்துவிட்டால் கண் மாறவே மாறாது. சத்தியம் செய்யத் தோன்றும். அந்தத் தவற்றுக்குக் கவிழ்ப்பது என்று பெயர். கவிழ்த்தவர் மறுநாள் சர்க்கரை தூவிய டோனட் பலகாரம் ஒரு பெட்டி வாங்கி வர வேண்டும். பெட்டியைத் தலைகீழாக வைத்துத்தான் திறக்க வேண்டும். சர்க்கரையெல்லாம் மேசைமேல் கொட்டும். வெர்னனே மூன்று முறை வாங்கியிருக்கிறார். பெர்னடின் ஒருமுறையும் வாங்கியதில்லை. படத்தைக் கையில் எடுத்ததும் ஓரத்தில் வெயிலின் திசையைக் காட்டும் சிறு அம்பைத்தான் அவள் முதலில் பார்ப்பாள். காசை மிச்சம் பிடிக்கிறாள், ஆட்டுக்காரன் மகள் அல்லவா என்று அறையில் கேலி செய்வார்கள்.

அந்த ஆண்டுகளைப் பற்றிப் பின்னாளில் அவள் பேசும்போதெல்லாம் குரல் மாறிவிடும். காலையில் பைன் மரங்களுக்கு நடுவே காரோட்டிக் குன்றேறுவது, சன்னலருகே சாய்மேசை, மையின் மெல்லிய சீழ்க்கை, மாலையில் ஆலையிலிருந்து உடம்பெல்லாம் மரத்தூள் மணக்க எமெட் வந்து நிற்பது, குளிர்கால ஞாயிறுகளில் மேரி ஏரியின் உறைந்த தகட்டில் துளையிட்டு இருவரும் மீன் பிடிப்பது. உச்சி வெயிலில் ஏரியின் பனி முனகும். காலுக்கடியில் எங்கோ ஒரு விரிசல் ஓடுவது கேட்கும், கண்ணுக்குத் தெரியாது. அப்போதெல்லாம் எமெட், "உட்காரு, அது நம்மளப் பத்திப் பேசல," என்பான்.

1979 கோடையில் இரண்டாவது வாயேஜர் விண்கலம் வியாழனைக் கடந்து போனது. யூரோப்பா என்ற நிலாவின் படங்கள் கலிஃபோர்னியாவிலிருந்து வந்து சேர்ந்த அன்று அறையில் ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. பதினாறு ஆண்டுகளாக அவர்கள் வரைந்தவை யாவும் குழிகள்: சந்திரனில் குழி, புதனில் குழி, செவ்வாயில் குழி. இதில் குழியே இல்லை எனலாம். மலையும் இல்லை. வெண்மையான, வழவழப்பான ஓர் உருண்டை. அதன்மேல் திசைக்கொன்றாக ஓடும் பழுப்புக் கோடுகள். அவித்த முட்டையை மேசையில் வைத்து உள்ளங்கையால் உருட்டினால் ஓடு எப்படி விரிசல் விடுமோ அப்படி. சில கோடுகள் நூல்போல மெலிந்தவை; சில இரட்டை; சில ஒரு கண்டத்தைக் குறுக்கே கடக்கும் நீளமுள்ளவை. ஒரு கோட்டை மற்றொன்று வெட்டும். வெட்டுவது பிந்தியது, வெட்டுப்படுவது முந்தியது. அவ்வளவு குளிரில், யாரும் பார்க்காத இடத்தில், யாரும் கேட்காத முனகலோடு அத்தனை விரிசல்களும் ஒவ்வொன்றாக ஓடியிருக்கின்றன என்று அவளுக்குத் தோன்றியது.

குடும்பத்தாரை உள்ளே விடும் சனிக்கிழமையொன்றில் எமெட் வந்து அந்தப் படத்தைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு குனிந்து பார்த்தான்.

"மேரி ஏரி மாதிரியே இருக்கே," என்றான். "மீன் கடிக்குதா?"

அன்று முதல் அந்த நிலாவுக்கு அவன் ஐஸ்காரன் என்று பெயர் வைத்தான். வீடு வீடாகப் பனிக்கட்டி கொண்டுவந்து போட்ட பழைய நாட்களில் ஐஸ்காரனையும் வீட்டுக்காரியையும் சேர்த்துச் சொல்லாத கேலி இல்லை. மாலையில் அவள் வீட்டுக்கு வரத் தாமதமானால், "ஐஸ்காரன் இப்பத்தான் விட்டானா?" என்பான். பெர்னடினும் சளைக்கவில்லை. "அவன் பேசறதே இல்ல. அதான் புடிச்சிருக்கு," என்பாள்.

விண்கலம் நிற்கவில்லை, கடந்து போய்விட்டது. ஆகவே நிலாவின் ஒரு பக்கம்தான் நன்றாகத் தெரிந்தது. மீதியில் கொஞ்சம் மங்கல். ஒரு பெரும் பகுதி எதுவுமே இல்லை. அவள் வரைந்த தாளிலும் அந்தப் பகுதி வெள்ளையாகவே நின்றது. அதில் வியப்பில்லை, சட்டமே அதுதான். ஆனால் அகலமான கோடு ஒன்று நிலாவின் தெற்கிலிருந்து வளைந்து ஏறி, எந்தத் தயக்கமும் இல்லாமல் நேராக அந்த வெள்ளையின் விளிம்பு வரை வந்து, அங்கே நின்றது. நின்றது கோடு அல்ல; படம். கோடு அப்பால் எங்கோ போய்க்கொண்டிருந்தது. அதன் மீதியைத் தன் கையால் வரைய வேண்டும் என்ற ஆசை அவளுக்கு அன்று பிடித்தது. நாற்பத்தைந்து வயது வரை இன்னது வேண்டும் என்று எதையும் கேட்டுப் பழகாதவளுக்கு அது பெரிய ஆசை. அடுத்த விண்கலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அது கடந்து போகாது. வியாழனிலேயே தங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும்.

1981 தொடக்கத்தில் எமெட்டுக்கு மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. இருபத்தைந்து ஆண்டு மரத்தூள் நெஞ்சில் தங்கிவிட்டது. ஃபிளாக்ஸ்டாஃப் ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஊர். அங்கே நெஞ்சு கெட்டவர்களுக்கு மருத்துவர்கள் சொல்வது ஒன்றே: கீழே போங்கள். கீழே என்றால் காட்டன்வுட். ஓக் கிரீக் பள்ளத்தாக்கு வழியே இறங்கினால் ஒரு மணி நேரப் பயணம், பாதி உயரம்கூட இல்லை. அந்த ஊரில் அவனைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மேலே இருந்தால் அவனுக்கு மூச்சு இல்லை. கீழே போனால் அவளுக்கு வேலை இல்லை. குன்றின் மேலிருந்த அந்த அறையைப் போல் வேறொன்று உலகில் எங்கும் கிடையாது.

அடுத்த விண்கலம் எப்போது கிளம்பும் என்று எமெட்தான் முதலில் கேட்டான். 1984இல் என்றாள். போய்ச் சேர இரண்டு மூன்று ஆண்டு ஆகும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அவன் சற்று நேரம் விரலை மடக்கி எண்ணினான்.

"நான் கீழ போறேன். நீ உன் ஐஸ்காரன் வேலைய முடிச்சிட்டு வா," என்றான். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து சமைச்சுப் போட்டா போதும். உங்க அம்மா செய்வாங்களே, பூண்டு போட்ட ஆட்டுக்கறி. அதுக்காகவாவது மூச்சு விட்டுக்கிட்டு இருப்பேன்."

அப்படித்தான் தொடங்கியது. வெள்ளி மாலை அலுவலகம் முடிந்ததும் காரில் ஆட்டுக்கறியும் ரொட்டியும் வைத்துக்கொண்டு இறங்குவாள். வளைவுக்கு வளைவு காற்று வெதுவெதுப்பாகும். பைன் மணம் போய், ஆற்றங்கரைப் பருத்திமரங்களின் மணம் வரும். எமெட் வாசலில் உட்கார்ந்திருப்பான். கார் நின்றதும் அவன் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எப்படி இருக்கான் உன் ஆளு?" ஞாயிறு மாலை அவள் திரும்பவும் மேலேறுவாள்.

1984 வந்தது, விண்கலம் கிளம்பவில்லை. எதில் வைத்து ஏவுவது என்று முடிவாகவில்லை, பணம் போதவில்லை, ஏவுவாகனத்தை மாற்றினார்கள். 1985 என்றார்கள். பிறகு 1986 மே என்றார்கள். ஒவ்வொரு தேதி மாற்றத்தையும் அவள் சாப்பாட்டு மேசையில் தலைகுனிந்தபடி சொல்வாள். எமெட் கோபித்துக்கொண்டதே இல்லை. ஆலையின் சரக்கு ரயில்கூட இவ்வளவு தாமதமாக வந்ததில்லை என்பான், கொஞ்சம் இருமுவான், இன்னொரு கரண்டி கறி கேட்பான். ஒருநாளும் அவன் வா என்று சொல்லவில்லை. அது அவளுக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. போகப் போக முள்ளாக இருந்தது.

இடையில் ஒரு சோதனையும் வந்தது. ஏதோ ஓர் அருங்காட்சியகத்துக்கு யூரோப்பாவின் பெரிய உருண்டை செய்ய வேண்டியிருந்தது. பாதி உருண்டை வெள்ளையாக இருந்தால் பார்க்க வருகிறவர்கள் கேலி செய்வார்கள். சும்மா நாலு கோட்டைப் போட்டு நிரப்பிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். வெர்னன் அதை அவளிடம் சொல்லக் கூச்சப்பட்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார். அவள் போட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார்.

அந்த வாரம் எமெட்டும் அதையேதான் சொன்னான். "ஒரு கோடுதானே பெர்னி. இழுத்து விட்டுடேன்."

அவன் விளையாட்டாகச் சொன்னானா, நிஜமாகச் சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் கைக்கு அது அரை மணி நேர வேலை என்பது தெரிந்தது. அந்தக் கோடு எப்படி வளையும் என்று அவள் நூறு முறை மனத்தில் இழுத்துப் பார்த்திருந்தாள். ஹாஸ்கெல் அம்மாளின் கதையை அன்றுதான் அவள் கணவனிடம் முதன்முறையாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும் எமெட் தட்டை ஓரமாக நகர்த்தினான்.

"சரி, வரையாத," என்றான். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. உருண்டை பாதி வெள்ளையாகவே போய்ச் சேர்ந்தது.

1986 ஜனவரி 24, வெள்ளியன்று வாயேஜர் யுரேனஸ் கிரகத்தை எட்டியது. அதன் நிலாக்களில் மிகச் சிறியதொன்று, மிராண்டா என்று பெயர், ஒருவரும் எதிர்பாராத கோலத்தில் இருந்தது: உடைந்து திரும்ப ஒட்டியது போன்ற பனித்தரை, உழுத வயல் போன்ற வரிகள், நெட்டுக்குத்தாக விழும் பனிச்சுவர். படங்கள் வந்துகொண்டே இருந்தன. பெர்னடின் காட்டன்வுட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, இந்த வாரம் இறங்க முடியாது என்றாள். அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

"இது வேற ஆளா?" என்றான் எமெட். "அடிப்பாவி, ஒருத்தன் போதாதா உனக்கு?"

அவள் சிரித்தாள். அவன் குரல் கம்மியிருந்ததைத் தொலைபேசியின் கோளாறு என்று எண்ணிக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய் காலை, ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய விண்ணோடம் ஒன்று வானில் வெடித்தது. அலுவலகத்துத் தாழ்வாரத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் எல்லோரும் நின்றார்கள். ஏழு பேர் போய்விட்டார்கள். வெண்புகை இரண்டாகப் பிரிந்து வளைவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். சிலர் அழுதார்கள். வியாழனுக்குப் போக வேண்டிய விண்கலத்தையும் மே மாதம் அதுபோன்ற ஓர் ஓடத்தில் வைத்துத்தான் ஏவுவதாக இருந்தார்கள். அந்த நேரத்தில் அதை நினைப்பதே பாவம் என்று பெர்னடினுக்குத் தோன்றியது; நினைக்காமலும் இருக்க முடியவில்லை. பிற்பகலில் வெர்னன் அவள் மேசையருகே வந்து நின்றார்.

"மே மாசம் இனிமே இல்ல," என்றார் தணிந்த குரலில். "எந்த வருஷம்னு யாராலயும் சொல்ல முடியாது."

புதன்கிழமை முழுதும் அவள் மிராண்டாவின் தாளில் குனிந்தே இருந்தாள். பெரிய பனிச்சுவரையும் அதன் அடியில் தெரிந்த மேட்டையும் வரைந்தாள். கை நன்றாக ஓடியது. அப்படி ஓடி வெகு நாட்களாகியிருந்தது. மாலை மூன்று மணிக்கு மேல் வெர்னன் அந்தப் பக்கமாக வந்து, தாளைப் பார்த்து, புகைப்படத்தைப் பார்த்து, மறுபடி தாளைப் பார்த்தார்.

"பெர்னி, கவுத்துட்ட," என்றார்.

அவள் புகைப்படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். கண்ணெதிரே மேடு அமுங்கிப் பள்ளமாயிற்று. ஓரத்து அம்பு வெயிலை எதிர்ப்பக்கத்திலிருந்து காட்டியது. காலையிலிருந்து அவள் அந்த அம்பைப் பார்க்கவே இல்லை. காலையிலிருந்து அவள் பள்ளத்தை மலையாக, அவ்வளவு அழகாக, வரைந்துகொண்டிருந்தாள். வேறொரு நாளாக இருந்தால் அறையே எழுந்து கை தட்டியிருக்கும். இருபத்து மூன்று ஆண்டு கழித்து ஆட்டுக்காரன் மகள் மாட்டிக்கொண்டாள் என்று வாரக்கணக்கில் பேசியிருப்பார்கள். முந்தின நாளின் துயரம் அப்படியே இருந்ததால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதியில் அவளுக்கு ஒன்று தெளிவாயிற்று. நேற்றிலிருந்து தன் கைதான் வேலை செய்துகொண்டிருந்தது. தான் அங்கே இல்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் வந்து, மின் அழிப்பானால் முழுவதையும் சுரண்டிவிட்டு, பள்ளத்தைப் பள்ளமாக வரைந்து முடித்தாள். எல்லோரும் வந்தபோது நடுமேசையில் டோனட் பெட்டி தலைகீழாக இருந்தது.

"இத இன்னைக்கு யாரும் கேக்கல பெர்னி," என்றார் வெர்னன்.

"கவுத்தா வாங்கித் தரணும். அதானே வழக்கம்?" என்றாள். பெட்டியைத் திறந்து, கொட்டிய சர்க்கரையைக் கையால் ஒதுக்கினாள். "நான் கீழ போறேன் வெர்னன்."

"நாளைக்குத்தானே வெள்ளி?"

"திரும்பி வரதுக்கு இல்ல."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மேசைமேல் வெள்ளைப் பகுதியோடு இருந்த யூரோப்பாவின் தாளை அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள். அந்தக் கோடு என்னாவது என்று அவர் கேட்டார்.

"யாராவது வரைவாங்க. தேதின்னு ஒண்ணு இருந்துச்சு, இருந்தேன். இப்ப அது இல்ல. அங்க ஒரு மனுஷன் தேதியே கேக்காம உட்கார்ந்திருக்கான்."

அறையில் எல்லோரும் ஆளுக்கொரு டோனட் எடுத்துக்கொண்டார்கள். யாருக்கும் வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

வெள்ளி மாலை அவள் காட்டன்வுட்டில் இறங்கியபோது எமெட் வாசலில் இல்லை, கட்டிலில் இருந்தான். மணிக்கட்டில் மருத்துவமனைக்காரர்கள் கட்டிய பிளாஸ்டிக் பட்டை இருந்தது. போன சனிக்கிழமை அவனுக்கு மூச்சு முட்ட, பக்கத்து வீட்டுக்காரர் காரில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோயிருக்கிறார். மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்திருக்கிறார்கள். அவளிடம் சொல்லக் கூடாதென்று அவன் அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தான். பெர்னடின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஐந்து ஆண்டாக ஏன் ஒருமுறைகூட வா என்று சொல்லவில்லை என்று கேட்டாள். கேட்கும்போது அவளுக்குக் கோபமே மிகுந்திருந்தது.

எமெட் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினான். "கூப்பிட்டா வந்திருப்ப. வந்து அந்தக் கோட்டையே நெனச்சுக்கிட்டு அடுப்படியில நின்னிருப்ப. ஐஸ்காரனயும் வச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்த எனக்குத் தெம்பு இல்லடி."

"இப்ப மட்டும் இருக்கா?"

"இப்ப அவன விட்டுட்டு வந்திருக்கியே," என்றான். "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

அவள் அந்தப் பட்டையைக் கத்தரித்து எடுத்தாள். ஆட்டுக்கறி காரிலேயே ஆறிப்போயிருந்தது. அதைக் கொண்டுவந்து சூடாக்கினாள்.

மருத்துவர் அவனுக்கு ஓராண்டு சொன்னார். அவன் அதை மதிக்கவில்லை. ஆற்றங்கரை வரை நடப்பான். திரும்பி வர முடியாதபோது அவள் காரைக் கொண்டுபோவாள். தோட்டத்தில் மாதுளை வைத்தார்கள். குளிர்காலம் வந்தால் இருவருக்கும் மேரி ஏரி நினைவு வரும். அவனால் அங்கே ஏற முடியாது, அவள் தனியாகப் போக மாட்டாள். மூச்சு மோசமாகும் பிற்பகல்களில் அவன், "சொல்லு," என்பான். எதை என்று அவள் கேட்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பனித்தரையின் தெற்கிலிருந்து தொடங்கி, எந்தக் கோடு எந்தக் கோட்டை வெட்டுகிறது, எங்கே இரட்டையாகிறது, எங்கே வளைகிறது என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போவாள். வெள்ளையின் விளிம்பு வந்ததும் நிறுத்திவிடுவாள். எமெட் அதற்கு மேல் கேட்டதில்லை. பெரும்பாலும் அதற்குள் தூங்கியிருப்பான்.

அந்த விண்கலம் 1989இல் கிளம்பியது. 1995இல் வியாழனை அடைந்தது. 1998இல், ஓய்வு பெற்றிருந்த வெர்னன், பெரிய உறை ஒன்றோடு காட்டன்வுட்டுக்கு வந்தார். யாரோ கணினியில் சேர்த்திருந்த புதிய படம். பெர்னடின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் வெயிலின் திசையைப் பார்த்தாள். பிறகு கோட்டைத் தேடினாள். அவள் மனத்தில் நூறு முறை இழுத்துப் பார்த்த வளைவு அதில் இல்லை. கோடு வெள்ளைக்குள் சிறிது தூரம் போய், இரண்டாகப் பிரிந்து, பிந்திய கோடுகள் பலவற்றின் அடியில் மறைந்துபோயிருந்தது.

"நான் போட்டிருந்தா தப்பாப் போயிருக்கும்," என்றாள்.

வெர்னன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இதைச் சொல்ல வேண்டிய ஆள் வீட்டில் இல்லை.

எமெட் கார்வின் 1994 மார்ச்சில் காட்டன்வுட்டில் இறந்தான். பெர்னடின் 2011இல் இறந்தாள். அவர்களுடைய இல்லறம் 1957 முதல் 1994 வரை முப்பத்தேழு ஆண்டுகள். அவன் கீழும் அவள் மேலுமாக இருந்த ஐந்தைக் கழித்தால், முப்பத்திரண்டு.